நான்காவது கட்டை

செவ்வாய்க் கிரகம், நாள் 212 — 09:20
பதிவு: இசக்கிராஜ், மண்ணியல் ஆய்வாளர்.
நான் தங்கும் டிரெய்லரை நிறுத்தியாயிற்று. இடம்: வட சமவெளி, பெரும்பள்ளத்தின் விளிம்புக்கு மேலே, லேசான சரிவு. டிராக்டர் ஓட்டும் ரெஜினா கொக்கியைக் கழற்றிவிட்டு நிலையத்துக்குப் போயிருக்கிறாள். துளைக்கருவியோடு மாலையில் வருவாள். சக்கரங்களுக்கு ஆப்பு வைத்தேன். நான்கு மூலையிலும் ஜாக்கியை இறக்கி, ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு கட்டை. இங்கே ஒரு சாண் மண்ணுக்குக் கீழே பனிக்கட்டி. டிரெய்லரின் சூடு ஜாக்கி வழியாக இறங்கினால் பனி ஆவியாகி மண் பொலபொலத்துப் போகும். கட்டை சூட்டைக் கடத்தாது. ரசமட்டத்தில் குமிழி நடுவில் நிற்கிறது.
போகும்போது ரெஜினா: "அண்ணாச்சி, ஆட்டம் இல்லைல்லா? போன தடவ படுக்கைல இருந்து உருண்டு விழுந்தீயளே."

13:40
குமிழி இடப்பக்கம் நகர்ந்திருக்கிறது. கதவு இருக்கும் வலப்பக்கம், பின் மூலை தாழ்ந்திருக்கிறது. வெளியே போய்ப் பார்த்தேன். நான்காவது கட்டை நடுவில் பிளந்திருக்கிறது. ஜாக்கியின் இரும்பு நேராக மண்ணில் ஊன்றி நிற்கிறது. மாற்றுக் கட்டை உள்ளே இருக்கிறது. எடுக்க வந்தேன்.

13:55
கட்டையைக் கையில் எடுத்த நேரம் அந்த மூலை அப்படியே இறங்கிவிட்டது. என்னை அடுப்பு மேடையில் தூக்கி அடித்தது. கதவு மண்ணுக்குள் புதைந்திருக்கிறது. வேறு கதவு இல்லை. வெளியுடை கதவின் வெளிப்பக்கத்தில்தான் தொங்கும்; உள்ளிருந்தபடியே அதற்குள் நுழைய வேண்டும். அதுவும் நசுங்கிவிட்டது. காற்று கசியவில்லை. கட்டை இன்னும் கையில்தான் இருக்கிறது. உள்ளே வைத்துக்கொண்டு என்ன செய்ய?

14:20
நிலையத்தில் இருக்கும் சக பணியாளர் குருநாதன் வானொலியில்: "சார், ஹீட்டரை அணைச்சிடுங்க. சூடு இறங்க இறங்க மண்ணு விட்டுக்கிட்டே போகும். ரெஜினா வந்துட்டு இருக்காங்க. நானும் அடுத்த டிராக்டரை எடுத்துட்டு வர்றேன், இருட்டுறதுக்குள்ள வந்துருவேன்."
அணைத்துவிட்டேன். இறங்குவது நின்றது. உள்ளே வேகமாகக் குளிர்கிறது.

16:10
ரெஜினா வந்துவிட்டாள். சங்கிலி போட்டு இழுக்க முடியாது. ஆப்பு நழுவினால் டிரெய்லர் பள்ளத்துக்குள் போய்விடும். முதலில் முட்டுக் கொடுக்க வேண்டும் என்கிறாள். குருநாதன் வரட்டும் என்றேன்.
"அதுக்குள்ள நீங்க விறைச்சிப் போவீய. சும்மா இருங்க அண்ணாச்சி. நாலு கட்டைய அடுக்கிட்டு வெளிய வந்திருதேன்."
டிரெய்லருக்கு அடியில் போயிருக்கிறாள். தரைக்குக் கீழே கட்டை உரசும் சத்தம் கேட்கிறது.

16:35
டிரெய்லர் அசைந்தது. கொஞ்சம்தான்.
"ரெஜினா!"
மறுபடி கூப்பிட்டேன்.
"இருக்கேன். கத்தாதீய. காலு மாட்டிக்கிட்டு. கட்டைக்கும் சட்டத்துக்கும் நடுவுல. உடுப்பு கிழியல."
இன்னும் ஒரு விரற்கடை இறங்கினால் கிழியும்.

17:15
நான் நகரவில்லை. மேடையைப் பிடித்தபடி அதே இடத்தில் நிற்கிறேன். அவள் உடையில் காற்றும் சூடும் போதிய அளவு இருக்கிறது. என்னிடம் ஒரு போர்வை. மூச்சு விட்டால் சுவரில் வெள்ளையாய்ப் படிகிறது.
"அண்ணாச்சி, ஹீட்டரப் போடுங்க. பத்தே நிமிசம்."
"போட்டா உன் மேல இறங்கும்."
"இறங்காது. நான் கட்டை வச்சிருக்கேன்லா."
"நீ வச்சதுதான் நழுவிச்சு."
சிரித்தாள். பிறகு அழுதாள். வானொலியை அணைத்துவிட்டு அழுதிருக்கலாம், அணைக்கவில்லை.

18:05
விரல் மடங்கவில்லை. இனி வாயால் சொல்கிறேன், கருவி எழுதிக்கொள்ளும்; வானொலியில் வரும் பேச்சையும் சேர்த்து.
தூங்கக் கூடாது என்று ஏதேதோ கேட்கிறாள். கல்யாணம் ஏன் பண்ணிக்கொள்ளவில்லை என்று கேட்டாள். சொன்னேன். இங்கே பதிவு செய்ய மாட்டேன்.
ஹீட்டர் பொத்தான் என் தோளுக்குப் பக்கத்தில். ஒருமுறை கையை அதன்மேல் வைத்துவிட்டேன். அழுத்தவில்லை. வைத்தேன் என்பதை அவளிடம் சொல்லவில்லை.

18:50
வெளிச்சம். குருநாதனின் டிராக்டர். நடுங்குவது நின்றுவிட்டது. நல்லதில்லை என்று தெரியும்.

19:20
முட்டுக் கொடுத்துவிட்டார்கள். தூக்கினார்கள். அவளை இழுத்து
"அண்ணாச்சி, வெளிய வந்துட்டேன்! காலு நல்லா இருக்கு! ஹீட்டரப் போடுங்க! கதவத் தோண்ட ஒரு மணி நேரம் ஆவும், போடுங்க இப்ப!"
வந்துவிட்டாள்.

19:24
"அண்ணாச்சி, போட்டீயளா?"
பொத்தான் தெரிகிறது. பச்சை விளிம்பு. பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.
"அண்ணாச்சி?"
கை

19:31
"போட்டாச்சுன்னு ஒரு வார்த்த சொல்லுங்க அண்ணாச்சி"