பரிசோதனைக்கு முந்தின எட்டு நாள்

என் தங்க அக்கா,

உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்து பத்து நாளாகிறது. இன்று சாணார்பட்டியிலிருந்து உன் மகள் பேசினாள். மல்லிகை இப்போதுதான் கொட்டுகிறதாம், உனக்குப் பதில் ஆள் வைத்துப் பறிக்கிறார்களாம். சொல்லி முடிக்குமுன் அழுதுவிட்டாள். நானும்தான்.

என் மளிகைக் கடையில் ஆளிவிதைப் பொடி இன்னும் விற்கிறது. நேற்று ஒருவர், "அண்ணே, இதச் சாப்ட்டுத்தான ஒங்க அக்காவுக்கு சுகர் எறங்குச்சுன்னீங்க? ரெண்டு பாக்கெட் குடுங்க" என்றார். எடுத்துக் கொடுக்க எனக்குக் கை வரவில்லை.

அது எப்படி இறங்கியது என்று நம் இருவருக்கும்தானே தெரியும்? ரத்தப் பரிசோதனைக்கு எட்டு நாள் இருக்கையில் போன் போடுவாய். "ஏலே தம்பி, நாள் குறிச்சுட்டாக. பொடியக் கொண்டா." அந்த எட்டு நாளும் ஆளிவிதைப் பொடி, ஊறவைத்த வெந்தயம், அரை வயிற்றுச் சாப்பாடு, வேளை தவறாமல் மாத்திரை. ரிப்போர்ட்டைப் பார்த்து டாக்டர், "இப்படியே இருங்கம்மா" என்பார். வெளியே வந்ததும் நேரே பிரியாணிக் கடைக்குப் போவோம். அப்புறம் மாத்திரையாவது ஒன்றாவது!

ஒருமுறை மூன்று மாதச் சராசரி பார்க்கும் பரிசோதனை எழுதினார். நீ பயந்துபோய் என்னைப் பார்த்தாய். "பூ சீசன் முடியட்டும் சார்" என்று சொன்னது நான்தான். ஏன் அப்படிச் சொன்னேன் அக்கா?

நீ போன அன்று காலை, பூப் பறித்துக்கொண்டிருந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தாயாம். "செத்த நேரம் இருங்கடி, எந்திரிச்சு வாரேன்" என்றாயாம். நீ எழவே இல்லை. சர்க்கரை ரொம்ப நாளாகவே ஏறிக் கிடந்திருக்கிறது, அது இதயத்தைக் கெடுத்துவிட்டது என்றார்கள் ஆஸ்பத்திரியில். விதை என்ன பாவம் செய்தது? அதை வைத்து டாக்டரை ஏமாற்றியது நாம்தானே.

எனக்கும் சர்க்கரை இருப்பது உனக்குத் தெரியும். திங்கட்கிழமை எனக்குப் பரிசோதனை. என் வீட்டுக்காரி வழக்கம்போல வெந்தயத்தை எடுத்தாள். "மத்த நாள்ல இல்லாம இப்ப மட்டும் எதுக்கு? வையி" என்றேன். அவள் டப்பாவை மூடினாள்.

அந்த மூன்று மாதப் பரிசோதனையையே கேட்டு எடுக்கப் போகிறேன். எட்டு நாள் பத்தியத்தால் அதை ஏமாற்ற முடியாதாம். எவ்வளவு வந்தாலும் டாக்டரிடம் உள்ளதைச் சொல்வேன். அன்று நான் நீட்டவிடாமல் தடுத்த உன் கைக்குப் பதிலாக, ரத்தம் எடுக்க என் கையை நீட்டுவேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

கேட்டபோதெல்லாம் பொடி கொண்டுவந்து தந்த,
உன் தம்பி