வெயிலில் சரியாக இருந்த விளக்கு

இன்று மதியம் அடையாறில் ஒரு வீட்டின் சுற்றுச்சுவர் விளக்கைத் திறந்தேன். உள்ளிருந்து பழைய டேப்பின் பசை வாடை. கடல் உப்பும் ஈரமும் ஊறிய வாடை. ஸ்க்ரூடிரைவரைக் கையில் பிடித்தபடி சற்று நேரம் சும்மா நின்றேன். நீ போன பிறகு இவ்வளவு நேரம் எந்த விளக்கின் முன்னும் நின்றதில்லை.

கல்லூரியில் நம் இருவருக்கும் ஒரே பெஞ்ச். பிறகு ஒரே ஸ்கூட்டர். வீடுகளின் வெளிவிளக்குகளைச் சோதித்துப் பாதுகாப்புச் சான்று தரும் வேலை. தோட்டம், மொட்டைமாடி, கேட். உரிமம் உன் பெயரில். கம்பியில் கசிவு இருக்கிறதா என்று சொல்லும் மெக்கர் என் மடியில். சைதாப்பேட்டையில் உன் வீட்டு வாசலில் உன் அம்மா கேட்பார்.

"இன்னா நைனா, லைட்டு எரியுதான்னு பாக்க ரெண்டு இன்ஜினியரா?"

"லைட்டு எரிஞ்சா போதுமா? ஆளு எரியக் கூடாதுல்ல" என்பாய் நீ.

மயிலாப்பூரில் அந்த வீடு. மாடியை வாடகைக்கு எடுக்கவிருந்த கம்பெனி வெளிவிளக்குகளுக்கும் சான்று கேட்டிருந்தது. வீட்டுக்கார மாமாவுக்கு அது அன்று மாலைக்குள் வேண்டும். மெக்கரில் எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் கேட் விளக்கின் கம்பி மட்டும் டிரிப்பருக்குள் நுழையாமல் அதைச் சுற்றிக்கொண்டு போனது. கரண்ட் கசிந்தால் தானே அணைகிற சுவிட்ச் அது. அதை ஏன் தாண்டிப் போகிறது என்று கேட்டாய். மாமி பெருமையாகச் சொன்னார்.

"கார்த்தால நான் வாசல் தெளிக்கறச்சே எல்லாம் ஆத்துல கரண்ட் போயிடும். டிரிப்பர் கெட்டுப்போச்சுன்னு எலக்ட்ரீஷியன் இப்படி இழுத்துக் குடுத்தான். அதுலேர்ந்து போறதே இல்லை."

"திரும்ப டிரிப்பர்லயே போட்டுட்டு சான்றைக் குடுங்கோப்பா. மீட்டர்தான் நன்னாக் காட்றதே" என்றார் மாமா.

நீ தலையாட்டவில்லை. "நாளைக்குக் காலைல மறுபடி டிரிப் ஆவும் சார். மறுபடி சுத்தி இழுப்பீங்க. மாமி, ஒரு பக்கெட் தண்ணி குடுங்க, தெளிச்சே பாத்துடலாம்."

"அய்யோ, வேண்டாம். பிள்ளை இப்பத்தான் சிங்கப்பூருக்குக் கிளம்பினான். அவன் போய்ச் சேர்றதுக்குள்ள வாசல்ல தண்ணி விடப்படாது."

நீ வாதாடுவாய் என்று நினைத்தேன். "சரி மாமி. பையன் போய்ச் சேரட்டும்" என்றாய். கேட் விளக்கின் கம்பியை அடியோடு கழற்றி, முனையில் டேப் சுற்றினாய்.

வெளியே வந்ததும் நான் சொன்னேன்: "மாமா வேற ஆளக் கூப்பிட்டுருவார்டா."

"கூப்பிடட்டும் மச்சி. அவன் மத்தியானம் வருவான். மாமி வெறுங்காலோட விடிகாலைல வர்றாங்க."

மறுநாள் வெளிச்சம் வரும் முன்பே நாம் அங்கே இருந்தோம். மாமி வாளியோடு வந்தார். ஈரக் கையால் இரும்புக் கேட்டைத் திறந்தார். விரல்களை விரித்துப் பார்த்துக்கொண்டார்.

"பிள்ளை போய்ச் சேந்துட்டான். என் கையும் இன்னிக்குத் தேவலை. ராத்திரி தைலம் தேச்சுண்டேன்."

"கைக்கு இன்னா மாமி?"

"கேட்டைத் தொட்டா முழங்கை வரைக்கும் சுர்ருனு ஓடும். கார்த்தால மட்டும்தான். வயசாச்சோன்னோ, நரம்புன்னு நெனச்சேன்."

நீ என்னைப் பார்த்தாய். கழற்றி வைத்திருந்த கம்பியில் நான் மெக்கரை மாட்டினேன். மாமி வழக்கம்போல் தண்ணீரை அள்ளி வீசினார். கேட் தூணில் ஒரு அலை. விளக்கின் அடியில் மயிரிழை போன்ற விரிசல். அதற்குக் கீழே, தூணுக்குள், பழைய டேப் சுற்றிய இணைப்பு. மெக்கரில் எண்கள் விழுந்தன. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நின்றன; அவ்வளவு கசிவு.

காபியோடு வந்த மாமா மெக்கரைப் பார்த்தார். பிறகு மாமியின் கையைப் பார்த்தார்.

"சொல்லவே இல்லையேடி."

"கரண்டுன்னு தெரிஞ்சா சொல்ல மாட்டேனா?"

பிறகு நீ கேட்டாய்: "மாமி, அந்தத் தைலம் பேரு இன்னா? நம்ம பொழப்பே போயிடும் போல கீதே." மாமி சிரித்தபோதுதான் மாமா உட்கார்ந்தார். தண்ணீர் புகாத பெட்டி வைத்து, இணைப்பை மாற்றி, மாமியையே மறுபடி தெளிக்கச் சொல்லி, அதன்பிறகுதான் கையெழுத்துப் போட்டாய்.

போன ஐப்பசியில் நீ சொன்னாய்: "உடம்பெல்லாம் வலிக்குது மச்சி. ஸ்கூட்டர் ஆட்டம்தான்." ஸ்கூட்டர் ஆட்டமில்லை. காய்ச்சல். ஒரு வாரம்கூட நீ தாங்கவில்லை.

இப்போது உரிமம் என் பெயரில். ஸ்கூட்டரில் பின்சீட் காலி. வீட்டுக்காரர்கள் விளக்கைக் காட்டுகிறார்கள், சுவிட்சைப் போட்டுக் காட்டுகிறார்கள். நான் வேறொன்று கேட்கிறேன். காலையில் இந்தக் கேட்டை முதலில் திறப்பது யார்? அவர்களைக் கூப்பிட முடியுமா?

பால் போடுகிறவர், வேலைக்கு வரும் அக்கா, வாட்ச்மேன். யாராவது வந்து நிற்கிறார்கள். தொட்டால் கை எப்படி இருக்கிறது என்று கேட்கிறேன்.

"நீங்க இன்னா டாக்டரா சார்?" என்று சிரிக்கிறார்கள்.

அவர்கள் சிரித்து முடித்து, யோசித்து, பதில் சொல்லும் வரை நான் மெக்கரை வெளியே எடுப்பதில்லை.