ஒன்பதாம் அத்தியாயத்துக் கிணறு

ஜூன் 9

சித்தியின் ஒலிநூலகத்தில் இன்று எட்டாம் அத்தியாயம் முடித்தேன். பார்வையற்றவர்களுக்காகப் புத்தகங்களைக் குரலில் பதிவு செய்து இலவசமாக அனுப்புகிற இடம். ஒரே அறை, தெருச்சத்தம் வராமலிருக்க ஜன்னலில் கம்பளி, ஒரு மைக். கதாநாயகி பாழுங்கிணற்றில் விழுகிற இடத்தில் அத்தியாயம் முடிகிறது. நாளைக்கு வகுப்பில் ரேடியோ என்னைப் பிய்த்தெடுப்பாள். அவளுக்குப் பார்வை கிடையாது. கேட்டதையெல்லாம் ஒரு சொல் விடாமல் ஒப்பிப்பதால் அந்தப் பெயர்.

ஜூன் 12

நூலகத்துக்கு மூன்று வருடமாகப் பணம் கொடுத்துவந்த முதலாளி நிறுத்திவிட்டார். இனி நாங்கள் சொந்தக் காலில் நிற்க வேண்டுமாம். சொல்பவர் உட்கார்ந்திருப்பது அவருடைய அப்பா நாற்காலியில்.

ஜூன் 16

சித்தி அறையை விளம்பரக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டுவிட்டாள்! நான் புத்தகத்தோடு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே ஒருவர் பற்பசை விளம்பரத்துக்காக ஒரு மணி நேரம் விதவிதமாகச் சிரித்தார். இதற்காகவா அந்தக் கம்பளியை நானும் சித்தியும் கை வலிக்கத் தைத்தோம்? கேட்கிறவர்களிடம் ஆளுக்குக் கொஞ்சம் வாங்கலாமே என்றேன். சித்தி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“கேக்கறவங்ககிட்ட வாங்கக் கூடாதுன்னுதான் சிரிக்கறவங்ககிட்ட வாங்கறேன்.”

அவள் சொன்னது சரிதான். அதனால் இன்னும் கோபம்.

ஜூன் 17

சித்தியோடு பேசவில்லை. அவள் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை.

ஜூன் 23

ரேடியோ இன்றும் கேட்டாள், கதாநாயகி இன்னும் கிணற்றில்தான் நிற்கிறாளா என்று. நானா தள்ளிவிட்டேன்? விளம்பரக்காரர்கள் காலை மாலை என்று பார்க்காமல் வருகிறார்கள்.

மாலையில் சித்தி புதிதாக ஒன்று கொண்டுவந்தாள். லிப்ட் செய்கிற கம்பெனிக்குக் குரல் வேண்டுமாம். ஒருமுறை பதிவு செய்தால் போதும், அந்தக் குரல் ஓடுகிற ஒவ்வொரு கட்டிடத்துக்கும் வருடா வருடம் பணம் வரும். அப்புறம் விளம்பரத்துக்குக் காலை மட்டும். மதியம் முழுக்கப் புத்தகத்துக்கு. எல்லாம் சரி. ஆனால் அவர்களுக்குப் பிடித்திருப்பது என் குரலாம்.

முடியாது என்றேன். எத்தனை நாவல் படித்த குரல் — அதைப் போய் இரும்புப் பெட்டிக்கா கொடுப்பேன்?

ஜூன் 24

ரேடியோவிடம் சொல்லி அழப்போனேன். அவள் என் பக்கம் இல்லை.

“உனக்கென்னடி, புஸ்தகம் உன் கையில இருக்கு. அவ மேல வந்தாளா இல்லையான்னு உனக்குத் தெரியும். எனக்குத் தெரியாதே.”

ஏன் எல்லோரும் என்னையே குற்றவாளி ஆக்குகிறார்கள்?

ஜூன் 27

போனேன். “மேலே செல்கிறது.” “கதவு திறக்கிறது.” “கதவு மூடுகிறது.” இவ்வளவுதான். இதற்கு ஒரு காலைப் பொழுது. கெஞ்சாதே, அதட்டாதே, கதை சொல்லாதே என்று மைக்குக்கு அந்தப் பக்கமிருந்து சித்தி. கடைசியில் வெறுத்துப்போய்ச் சொன்னதைத்தான் கம்பெனிக்காரர் எடுத்துக்கொண்டார்.

மதியம் அறை காலி. ஒன்பதாம் அத்தியாயம். கயிறு இல்லாமல், கல்லைப் பிடித்துப் பிடித்து அவள் ஏறி வந்துவிட்டாள்.

செப்டம்பர் 4

பதினாறாம் அத்தியாயம் நேற்றே அனுப்பியாகிவிட்டது. இன்று ரேடியோவோடு அவளுடைய அம்மாவுக்கு மருந்து வாங்க மருத்துவமனை போனேன். புது லிப்ட். பொத்தானை அழுத்தினேன். “கதவு மூடுகிறது” என்றது மேலேயிருந்து என் குரல்.

ரேடியோ தலையைச் சாய்த்துக் கேட்டாள். என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

“யார் மேலடி இவ்வளவு கோவம்?”