காயாத கோழிக்கொண்டை

பெயிண்ட் கரைக்கிற டர்பன்டைன் பாட்டிலை இன்றைக்குத்தான் திறந்தேன். நீ போன பிறகு இதுதான் முதல் தடவை. வாடை வந்ததுமே நீ மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஏ புள்ள, பெட்ரோல் பங்க்ல உக்காந்தமாதிரில்ல இருக்கு" என்று சொல்வது காதில் விழுந்தது.

நாம் இரண்டு பேரும் ஒரே வருஷம்தான் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றோம். நீ திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் மாலை கட்டப் போனாய். நான் வீட்டுக்குள்ளேயே இருந்து, போனில் பார்த்துப் பார்த்து ஆயில் பெயிண்ட் பழகினேன். ஒருநாள் மார்க்கெட்டில் குவிந்திருந்த கோழிக்கொண்டைப் பூவைப் படம் எடுத்து, பிரிண்ட் போட்டே கொண்டுவந்தாய். "வாடுற பூவத் தொட்டுத் தொட்டு வெறுத்துப்போச்சு. வாடாததா ஒன்னு எங்க வீட்ல இருக்கட்டும், வரைஞ்சு குடு."

போட்டோவின் மேல் கட்டம் போட்டேன். கான்வாஸிலும் அதே கட்டம். மடிப்புகளில் உள்ள இருட்டை முதலில் வைத்து, அப்புறம் மெல்ல வெளிச்சத்துக்கு வர வேண்டும். பாதியில் பெயிண்டில் குழைக்கிற லின்ஸீட் ஆயில் தீர்ந்துபோனது. நீ ஓடிப்போய்த் தேங்காயெண்ணெய் எடுத்து வந்தாய். "எல்லாம் எண்ணெய்தான? சும்மா ஊத்து." தேங்காயெண்ணெய் காயாது என்று எனக்கும் அப்போது தெரியாது. ஊற்றிக் குழைத்தோம்.

படம் காயவே இல்லை. வேலை விட்டு வரும்போதெல்லாம், "காஞ்சிருச்சா?" என்பாய். நான் உதட்டைப் பிதுக்குவேன். "ஒன்னயமாதிரியே அழுத்தம் புள்ள அதுக்கு."

காய்ச்சலில் உன்னைப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்தபோதும் அது காயவில்லை. திரும்பக் கொண்டுவந்து கிடத்தியபோது உன் மேல் கிடந்த மாலைகளிலும் கோழிக்கொண்டை. இருட்டு எங்கே, வெளிச்சம் எங்கே என்று என் கண் அதில் தேடியது. நான் அழக்கூட இல்லை என்று தெருவில் பேசினார்கள்.

நேற்று உன் அம்மா வந்தார். "ஆதார் கார்டு போட்டோவப் பெருசாக்கி மாட்டிருக்கோம் தாயி. அது எம்மகமாதிரியே இல்ல. அவ ஆசப்பட்ட பூவயாச்சும் முடிச்சுக் குடு."

புதுக் கான்வாஸில் முதலிலிருந்து தொடங்கிவிட்டேன். போட்டோவின் கீழ் மூலையில் உன் விரல் லென்ஸை மறைத்து விழுந்திருக்கிறது. "அசிங்கமா இருக்கு, பூவ மட்டும் போடு" என்று அன்றைக்குச் சொன்னாய். இந்தத் தடவை உன் பேச்சைக் கேட்கப் போவதில்லை. ஆனால் போட்டோவில் அது வெறும் சிவப்பு மங்கல், உன் நிறம் இல்லை. என் கையைப் பெயிண்ட் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு குழைக்கிறேன். நீ என்னைவிடக் கொஞ்சம் கறுப்பு. அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று எனக்குத் தெரியும்.