மேசைமேல் ஏறிய பழைய கணினி

03 செப்டம்பர் 2025, புதன்

மதிப்பிற்குரிய நாட்குறிப்புக்கு வணக்கம். ஆகஸ்டு முழுவதும் தங்கள் பக்கங்களை வெறுமையாக விட்டமைக்கு முதற்கண் என் வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறேன். சிங்கப்பூர் நிறுவனத்திலிருந்து மருத்துவத் துண்டறிக்கைகள் மெய்ப்புப் பார்க்க வந்து குவிந்திருந்தன. நோயாளிகளின் கைக்குப் போய்ச் சேரும் தமிழ் அது. உணவுக்கு முன் என்பது உணவுக்குப் பின் என்று மாறிவிட்டால் யாரோ ஒருவரின் வயிறுதான் பாடுபடும். ஆகவே தாமதம்.

தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்த என் கணவர் வீரமுத்து, "டைரிக்கே தங்கள், தாங்களா? என்னை ஒரு நாளாச்சும் அப்படிக் கூப்பிட்டிருக்கியா?" என்றார்.

"தாங்கள் தேநீர் அருந்துகிறீர்களா?" என்று கேட்டேன்.

"வேணாம் லா, பயமா இருக்கு" என்று நகர்ந்துவிட்டார்.

இனி செய்திக்கு வருகிறேன். நிறுவனத்தில் எனக்குப் பணி ஒதுக்கும் விசாலி மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார். என் கணினியில் உள்ள விண்டோஸ் 10க்கு அக்டோபர் 14உடன் பாதுகாப்பு முடிகிறதாம். அதன்பின் விண்டோஸ் 11 உள்ள கணினியிலிருந்து மட்டுமே நிறுவனத் தளத்துக்குள் நுழைய இயலும். அக்டோபர் 8 அன்று ஒவ்வொருவரும் நேரலையில் வந்து, புதிய ஏற்பாட்டில் ஒரு பக்கத்தைத் திருத்திக் காட்ட வேண்டும். காட்ட இயலாதவரின் பணி வேறொருவருக்குப் போகும்.

நான் பள்ளிப் படிப்பைப் படிவம் மூன்றோடு, ஒன்பதாம் ஆண்டில், நிறுத்தியவள். என்னிடம் சான்றிதழ் கேட்காமல், தேர்வு ஒன்று வைத்து, அதில் நான் எழுதியதை மட்டும் பார்த்து எடுத்துக்கொண்ட இடம் அது ஒன்றுதான். இன்னொன்று கிடைக்காது. இதைத் தங்களிடம் மட்டும் சொல்கிறேன்.


07 செப்டம்பர், ஞாயிறு

மகள் ஷர்மினி சிங்கப்பூரிலிருந்து அழைத்தாள். அங்கே அலுவலக வேலை. அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள்.

"அம்மா, அது கம்ப்யூட்டர் இல்ல, சவப்பெட்டி. ஆன் பண்ணிட்டுப் போய்க் குளிச்சிட்டு வரீங்க. நான் புது லேப்டாப் வாங்கித் தரேன்."

"என் தொழிற்கருவியை என் உழைப்பால் அமைத்துக்கொள்வதே முறை."

"முறையாம். யாரும்மா இப்ப முறை கேட்டா?"

இங்கே மலேசியாவில், கூலாயில் ஒரு வீடு வாங்க அவள் சிறுகச் சிறுகச் சேர்த்துக்கொண்டிருக்கிறாள். அதில் கை வைக்கும் தாயாக நான் இருக்கமாட்டேன். இதை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் அழுவாள், பிறகு வாங்கியே தீருவாள்.


10 செப்டம்பர், புதன்

பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினேன். உள்ளே தூசி மெத்தை. அதன்மேல் இரண்டு பல்லி முட்டை ஓடுகள்.

யாரோ ஓர் அலுவலகத்துக்காகத் தொழிற்சாலையிலேயே பூட்டி முடித்து வந்த கணினி இது. அங்கிருந்து குளுவாங் கடைக்குப் போய், அங்கிருந்து எங்கள் ஊரான லாயாங் லாயாங்கில் என் மேசைக்கடியில் குடியேறியது. இணையத்தில் தேடித் தேடிப் படித்ததில் ஓர் ஆறுதல்: இதன் மூளையாகிய செயலி எட்டாம் தலைமுறையைச் சேர்ந்தது. விண்டோஸ் 11 ஏற்கும் வரிசையில் அதுவே கடைசிப் படி. படியில் கால் பட்டுவிட்டது, அது போதும்.

தாமதத்துக்குக் காரணம் இரண்டு. சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்று. போதாத ரேம் மற்றொன்று. எஸ்.எஸ்.டி ஒன்றும் பெரிய ரேம் ஒன்றும் போட்டால் இந்தக் கிழம் ஓடும்.

ஆங்கிலக் காணொளிகளை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். புரியாத சொல்லை எழுதிவைத்துத் தேடினேன். தமிழ்த் தட்டச்சையும் அப்படித்தான் கற்றேன், ஆசான் யாருமின்றி.


16 செப்டம்பர், செவ்வாய்

மலேசிய தினம். கணவருக்கு விடுமுறை. மோட்டார் சைக்கிளில் குளுவாங் சென்று எஸ்.எஸ்.டியும் ரேமும் வாங்கினோம். புதிய உறுப்புகளைத் தாங்க வலுவான மின்வழங்கியும், கடைக்காரர் மொழியில் பவர் சப்ளை, வேண்டும் என்று நானே அடம்பிடித்து அதையும் வாங்கினேன். கடைக்காரர் தேவையில்லை என்றுதான் சொன்னார்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் அது பெட்டிக்குள் நுழையவே இல்லை. உருவமும் வேறு, தாய்ப்பலகையில் செருகும் முனையும் வேறு. இக்கணினியைச் செய்தவர்கள் மின்வழங்கிக்குத் தமக்கென்று ஒரு தனி அளவு வைத்திருக்கிறார்கள். கடையில் விற்கும் எதுவும் பொருந்தாது.

"ஆனைக்கு அளவெடுத்துச் சட்டை தெச்சு, பூனைக்குப் போட்டுப் பாக்குற" என்றார் கணவர்.


17 செப்டம்பர், புதன்

மின்வழங்கி கடைக்குத் திரும்பியது. என் தலையும் சற்றுக் குனிந்தே திரும்பியது.


21 செப்டம்பர், ஞாயிறு

செய்து முடித்தேன்.

ரேமைச் செருகும்போது இரு பக்கமும் கொக்கி விழும் ஓசை கேட்க வேண்டும் என்று காணொளியில் சொல்லியிருந்தார்கள். கேட்டது. எஸ்.எஸ்.டி உள்ளங்கையளவுதான், பழைய டிஸ்க் இருந்த இடம் அதற்கு மாளிகை. திருகாணிக்குத் துளை பொருந்தவில்லை. இருபக்கமும் ஒட்டும் பட்டையால் ஒட்டிவிட்டேன். பாதுகாப்புச் சில்லு ஒன்று இத்தனை காலம் உறங்கிக் கிடந்திருக்கிறது. கணினி எழும்போதே அமைப்புப் பக்கத்துக்குள் புகுந்து அதை எழுப்பிய பிறகே விண்டோஸ் 11 உள்ளே வர இசைந்தது.

கணவர் கேத்தலில் தண்ணீர் வைத்தார். நான் கணினியை முடுக்கினேன். தண்ணீர் முனகத் தொடங்கும் முன்பே திரை எழுந்துவிட்டது.

"அலமாக்" என்று வியந்தார் அவர். அதுவே போதுமான பாராட்டு.

விசாலிக்கு முறைப்படி அறிவித்தேன். குரற்பதிவில் பதில்: "அக்கா, உங்க மெயில் வந்தா நான் நாற்காலிய விட்டு எழுந்து நின்னுதான் படிக்கிறேன். எட்டாம் தேதி பாக்கலாம்."

ஷர்மினி ஒரு கட்டைவிரல் படம் மட்டும் அனுப்பினாள். நம்பவில்லை போலும்.


01 அக்டோபர், புதன்

ஆயுத பூசை.

இத்தனை ஆண்டுகளாக மேசைக்கடியில் கிடந்த பெட்டி. குனிந்து, அதன் உச்சியில் போகிற போக்கில் ஒரு பொட்டு வைப்பேன். இவ்வாண்டு அதற்குப் புத்துயிர் அல்லவா? மின்கம்பியைக் கழற்றித் துடைத்து, மேசைமேல் ஏற்றி, முகம் தெரிய நிறுத்தினேன். பன்னீரில் கெட்டியாகக் குழைத்த சந்தனம். முன்முகத்தின் நடுவே வட்டப் பொத்தான், நெற்றிப் பொட்டுக்கென்றே அளந்து வைத்ததுபோல். கட்டைவிரலால் நன்றாக அழுத்தி வைத்தேன். சந்தனத்தின்மேல் குங்குமம். பார்க்க அம்மன் முகம்போல் இருந்தது.

கணவர் தம் மோட்டார் சைக்கிளுக்கு மாலை சூட்டி, எலுமிச்சம்பழம் நசுக்கினார். "எனக்கு வெச்சதவிட அதுக்குப் பெரிய பொட்டா வெச்சிருக்க" என்று குறைப்பட்டுக்கொண்டார்.

பூசையில் வைத்த கருவியை மறுநாள் காலைவரை தொடுவதில்லை. தொடவில்லை.


02 அக்டோபர், வியாழன்

விஜயதசமி. நல்ல நேரம் பார்த்து, மின்கம்பியைப் பொருத்திச் சுவர் சுவிட்சைப் போட்டேன். நான் பொத்தானைத் தொடுவதற்கு முன்பே கணினி தானாக எழுந்தது. விசிறி சுற்றியது. பட்டென்று அடங்கிவிட்டது.

மறுபடி போட்டேன். அப்படியே. மறுபடியும். அப்படியேதான்.

என்ன பண்ணிட்டேன் நான்? நல்லாத்தானே இருந்துச்சு — முந்தாநாள் வரைக்கும் அதுலதானே வேலை செஞ்சேன். கை வெச்சிருக்கக் கூடாதோ. தெரிஞ்சவங்ககிட்டக் குடுத்திருக்கணுமோ. நாலு காணொளி பாத்துட்டுப் பெரிய இஞ்சினியர்னு நெனப்பு. ஓடிக்கிட்டிருந்ததையும் கெடுத்தாச்சு. இப்ப எட்டாம் தேதிக்கு எதைக் காட்டுறது? என் மூஞ்சியவா?

நடை சிதறிவிட்டது. பொறுத்தருள்க.


03 அக்டோபர், வெள்ளி

புதிய ரேமைக் கழற்றிப் பழையதைப் போட்டேன். எஸ்.எஸ்.டியையும் பிடுங்கிப் பார்த்து மீண்டும் மாட்டினேன். மாற்றமில்லை, எழுகிறது, அடங்குகிறது. எஞ்சியிருப்பது மின்வழங்கி ஒன்றுதான். புதிய பாரம் தாங்காமல் போய்விட்டது என்றே முடிவுக்கு வந்தேன். தனி அளவில் செய்த அந்த மின்வழங்கி குளுவாங்கில் இல்லை, ஜொகூர் பாருவிலும் இல்லை. இணையத்தில் சொல்லி வரவழைத்தால் தீபாவளிக்குப் பிறகுதான் வருமாம்.

ஷர்மினிக்கு அவள் அப்பா சொல்லிவிட்டார்.

"ஞாயித்துக்கிழமை வாங்கிட்டே வரேன். ஒண்ணும் பேசாதீங்க" என்றாள்.

கழற்றிய திருகாணிகளை எண்ணிக் கிண்ணத்தில் போட்டேன்.


04 அக்டோபர், சனி

மகளின் வீட்டுக் காசில் மடிக்கணினி, அல்லது பணியிலிருந்து விலகல். இடையில் வழி உண்டா?

விசாலிக்குக் கைப்பேசியிலேயே விலகல் மடல் எழுதினேன். "தவிர்க்க இயலாத காரணங்களால்" என்று தொடங்கியது. நல்ல மடல். ஒரு பிழையுமில்லை. அனுப்பவில்லை.


05 அக்டோபர், ஞாயிறு

ஷர்மினி காலையில் வந்தாள். தோளில் பை, கையில் மடிக்கணினிப் பெட்டி. பெட்டியைச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். நான் அதைப் பார்க்காமல் சாம்பாரைக் கிளறினேன்.

நாளை பழைய கணினியைக் கடைக்கு எடுத்துப் போய்க் கடைசியாக ஒருமுறை காட்டலாம் என்றார் கணவர். "ஆனா இந்தப் பொட்டோட தூக்கிட்டு வராத. கடைக்காரன் கும்பிட்டுட்டு ஒரு ஓரமா வெச்சுருவான்."

பிறரிடம் ஒப்படைக்கும் பொருளைத் தூய்மையாக ஒப்படைப்பதுதானே மரபு. ஈரத்துணியால் துடைத்தேன். சந்தனம் கல்லாக இறுகியிருந்தது. ஓரத்தில் நகத்தால் சுரண்டினேன்.

டக்.

"என்னம்மா சத்தம்?"

"பொத்தான்."

"எந்தப் பொத்தான்?"

"ஆன் பண்ணுற பொத்தான். உள்ள போயிருந்துச்சு. இப்பத்தான் வெளிய வருது."

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஷர்மினிக்கு முன்பே எனக்குப் புரிந்துவிட்டது. அந்தப் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தால் எந்தக் கணினியும் சில நொடியில் அணைந்துபோகும். நான் கட்டைவிரலால் உள்ளே அழுத்தினேன். சந்தனம் இடுக்கில் இறங்கி, தொடாமல் விட்ட ஒரு பகலும் இரவும் நன்றாகக் காய்ந்து, அதை அப்படியே பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு முறையும் கணினியை அணைத்தது என் பொட்டு.

சுவிட்சைப் போட்டேன். இம்முறை அது தானாக எழவில்லை. அமைதியாகக் காத்திருந்தது. பொத்தானை அழுத்தினேன்.

எழுந்தது. அடங்கவில்லை.

ஷர்மினி தரையில் உட்கார்ந்தே சிரித்தாள். "பொட்டு வெச்சே கொன்னுட்டீங்களேம்மா."

"சாகல லா. மூக்கப் பிடிச்சு உக்கார வெச்சிருந்திருக்கா" என்றார் கணவர்.

எனக்கும் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணிலும் ஏதோ வந்தது. சாம்பார் அடிப்பிடித்த வாடையில் அதை மறைத்துக்கொண்டேன்.

சாப்பிட்டபின் ஷர்மினி, "சரி, எப்படி மாத்துனீங்க, எனக்குக் காட்டுங்க" என்றாள். தகட்டைக் கழற்றி, புதிய ரேமை அவள் கையாலேயே செருக வைத்தேன். கொக்கி விழுந்தபோது, "ஓ" என்றாள். மடிக்கணினிப் பெட்டி பிரிக்கப்படவில்லை. கடைக்கே திரும்பும்.

"வீட்டுக்குச் சேத்த காசு அதுன்னுதானே வேணாம்னீங்க?" என்று போகும்போது கேட்டாள்.

"முறை என்று ஒன்று இருக்கிறது" என்றேன்.

"தெரியும்" என்றாள்.

விலகல் மடலை அழித்துவிட்டேன். நல்ல மடல்தான்.


08 அக்டோபர், புதன்

நேரலை முடிந்தது. விசாலி கொடுத்த பக்கத்தில், மெல்லாமல் விழுங்க வேண்டிய மாத்திரையை மென்று விழுங்கச் சொல்லியிருந்தது. கண்டுபிடிக்கிறோமா என்று வேண்டுமென்றே வைத்திருந்தார்களாம். திருத்தினேன். கணினி ஓரிடத்திலும் தயங்கவில்லை.

"முடிஞ்சுதுக்கா. அடுத்த வருஷமும் நீங்கதான்" என்றார் விசாலி. பிறகு, "அந்தப் பெட்டியோட பக்கவாட்டுல என்ன, பொட்டா?" என்றார்.

"ஆம். இடமாற்றம் செய்யப்பட்டுள்ளது" என்றேன்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். வெளியே இரயில் போகும் ஓசை. இத்தனை நாள் அது காதில் விழவே இல்லை.


17 அக்டோபர், வெள்ளி

முறுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தபோது ஷர்மினியின் செய்தி: "ம்மா, எங்க ஆபீஸ்ல பழைய கம்ப்யூட்டர் மூணு தூக்கிப் போடப் போறாங்க. உங்களோட அதே மாடல். வேணுமா? இன்னிக்குச் சாயங்காலம் லாரி வருது."

அதே மாடல். அப்படியானால் அதே மின்வழங்கி. எந்தக் கடையிலும் கிடைக்காத அந்த அளவு, மூன்று.

"மூணா? தீபாவளிக்கு வரவங்க எங்க உக்காருவாங்க?" என்றார் கணவர். அவர் குரலில் எதிர்ப்பு இல்லை.

கையைத் துடைத்துக்கொண்டு, "அன்பு மகளுக்கு, தங்கள் அலுவலகத்தார் கனிவுடன் முன்வந்துள்ள" என்று தொடங்கினேன். நிறுத்தினேன். இந்த வாக்கியம் முடிவதற்குள் லாரி வந்துவிடும். அழித்துவிட்டு இதை அனுப்பினேன்:

"மூணும் வேணும். யாருக்கும் குடுத்துடாத. சீக்கிரம் பதில் போடு."