பாப்பாவின் ரத்தக்குழாய்க்குள் ஓர் உறை

என் நைனாவுக்கு,

இவ்வளவு நேரம் கழித்து எழுதுவதற்குக் கோபித்துக்கொள்ளாதே. நீ செத்துப்போன பிறகு உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. பாப்பா இப்போதுதான் தூங்கினாள். உன் மாப்பிள்ளை நைட் ஷிப்ட்டுக்கு அத்திப்பட்டு போயிருக்கிறார்.

போன மாதம் உன் பேத்திக்கு விடாத காய்ச்சல். கண் சிவந்து, உதடு வெடித்து, உடம்பெல்லாம் தடிப்பு. அம்மா வாசலில் வேப்பிலை செருகிவிட்டாள். "அம்மை வாத்திருக்குது. ஊசி கீசின்னு தூக்கிக்கினு ஓடாத" என்றாள். பி.எஸ்சி. படித்த நானும் தாளிக்காமல் சமைத்துக்கொண்டிருந்தேன். கைகால் வீங்கிய பிறகுதான் திருவள்ளூர் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

அது அம்மை இல்லை, நைனா. கவாசாகி என்று ஒரு நோய். குழந்தைகளின் ரத்தக்குழாயைப் புண்ணாக்குமாம். டாக்டரம்மா படம் போட்டுக் காட்டினார். குழாயின் உட்புறம் முழுக்க ஒரே அடுக்கு செல்களால் ஆன உறை. ரத்தம் ஒட்டாமல், கட்டாமல் வழுக்கிப் போவது அதனால்தான். குழாய் எப்போது விரியணும், எப்போது சுருங்கணும் என்று சொல்வதும், ரத்தத்திலிருந்து எதை வெளியே விடலாம் என்று பார்ப்பதும் அதுதான். பாப்பாவுக்கு இதயத்துக்குப் போகும் குழாயில் அது புண்ணாகி, குழாய் கொஞ்சம் அகன்றிருக்கிறது.

கும்மிடிப்பூண்டியில் ஆசிட் டேங்குக்குள் இறங்கி, இரும்பு அரிக்காமலிருக்க உட்புறம் முழுக்க ரப்பர் ஒட்டுவாயே, அதுதான் ஞாபகம் வந்தது. "கிழிஞ்ச எடத்துல வெட்டி ஒட்டுவாங்களா மேடம்?" என்று கேட்டேவிட்டேன்.

"இது உயிருள்ளதும்மா. தானாத்தான் ஆறணும். நாங்க வீக்கத்தத்தான் அடக்க முடியும்."

மருந்தேற்றியதும் காய்ச்சல் விட்டது. ரத்தம் கட்டாமலிருக்க தினமும் சின்ன மாத்திரை. ஆறிவிட்டதா என்பது திங்கட்கிழமை இதயத்தை ஸ்கேன் பார்க்கும் எக்கோவில்தான் தெரியும். ஆறாவிட்டால்? யாரைக் கேட்பேன்?

அம்மா இப்போது வேப்பிலைப் பேச்சே எடுப்பதில்லை. மாத்திரையைத் தேனில் குழைத்து அவளே கொடுக்கிறாள். நேற்று பாப்பா அவளிடம் கேட்டாள்:

"ஆயா, எனக்குள்ள இன்னா ஓடுது?"

"ரயிலு."

"கும்மிடிப்பூண்டி வண்டியா?"

"ஆமா. அதான் நின்னு நின்னு போவுது."

இனி எந்தக் காய்ச்சலானாலும் முதலில் டாக்டர், பிறகுதான் வேப்பிலை. உன்மேல் சத்தியம்.

ரப்பர் ஒட்டி முடித்ததும் கரண்டுக் கம்பியால் தடவிப் பார்ப்பாய். ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் பொறி பறக்கும் என்பாய். வேலை சுத்தமாக முடிந்த அன்று சைக்கிளை நிறுத்தும்போதே சொல்வாய், "ஒரு பொறிகூட வரலம்மா."

பாப்பாவுக்கும் அந்த ஒரு வார்த்தை வந்தால் போதும், நைனா. சீக்கிரம் பதில் போடு.

உன் மூத்த மகள்,
பாப்பாவின் அம்மா