காணாமல் போகும் அச்சு

மார்ச் 4

மழை. பிஜித் தீவின் இந்தச் சுவாவில் மழை என்று எழுதுவதும் காற்று இருந்தது என்று எழுதுவதும் ஒன்றுதான்.

நனைந்த துணியைக் காயப்போட்டுவிட்டு 'சராசரி' பக்கத்தைத் திறந்தேன். எண்களை அணி அணியாக அடுக்கிக் கணக்குப் போட எங்கள் அலுவலகம் உட்பட எல்லாரும் பயன்படுத்தும் கணினி நிரல் தொகுப்பு ஒன்றில், சராசரி எடுப்பதை விளக்கும் பக்கம் அது. அந்தத் தொகுப்பின் விளக்கப் பக்கங்களைத் திருத்த ஆள் வேண்டும் என்றார்கள். சம்பளம் கிடையாது. சரி என்றேன். வீட்டில் இந்த அமைதிக்கு நடுவே சும்மா உட்கார முடியவில்லை.

பக்கத்தில் இருப்பது இது: "அச்சு — எந்த அச்சின் வழியே சராசரி எடுக்க வேண்டுமோ, அந்த அச்சு." இதை எழுதியவருக்கு ஒரு சிரமமும் இருந்திருக்காது.

என் கணவன் ஆபிசாய் சன்னலோரம். போன வருடம் சர்க்கரை நோய் அவனுடைய இரண்டு கண்களையும் எடுத்துக்கொண்டது. அதுவரை நானும் அவனும் ஒரே அறையில் எதிரெதிரே உட்கார்ந்து கடல்மட்டக் கணக்குப் பார்த்தவர்கள். இப்போது எதற்குச் சன்னலோரம் உட்காருகிறான்? கேட்டதில்லை.

மார்ச் 9, ஞாயிறு

கோயில் முடிந்து தோமாசி வந்தான். ஆபிசாயின் மாமன் மகன். இந்த உறவில் எங்கள் பக்கம் யாரும் யாரையும் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், கோபிக்கக்கூடாது. குடிப்பதற்கு யங்கோனா வேர்ப்பொடியைத் தண்ணீரில் கரைத்துக்கொண்டே ஆரம்பித்தான்.

"மச்சான், உன் மூஞ்சி நாளுக்கு நாள் மோசமாவுது. உனக்கென்ன, நீ பாக்க வேணாம். நாங்கல்ல பாத்துத் தொலைக்கணும்."

பழைய ஆபிசாயாக இருந்தால் இரட்டிப்பாகத் திருப்பிக் கொடுத்திருப்பான். "தூக்கம் வருது" என்று சொல்லிப் பாயில் சுருண்டான். தோமாசி கிண்ணத்தை முடிக்காமலே எழுந்தான். வாசலில் என்னிடம் மெதுவாகச் சொன்னான்: "திட்டக்கூட மாட்டேங்கிறானே, வசிட்டி."

மார்ச் 12

அலுவலகத்தில் ஆபிசாயின் இடத்தை ஜூன் கடைசிவரை வைத்திருப்பார்களாம். அவனிடம் சொன்னேன்.

"வரலேன்னு சொல்லிடு."

"நான் சொல்ல மாட்டேன். வேணும்னா நீயே சொல்லு."

அதோடு சரி.

மார்ச் 22

பக்கத்துக்கு ஒரு படம் போட்டேன். சுவா, லௌடோகா, லெவுகா, மூன்று துறைமுகங்களும் மூன்று வரிசை, அது முதல் அச்சு. மாதங்கள் பன்னிரண்டு பத்தி, அது இரண்டாவது அச்சு. அடைப்புக்குறிகள், கோடுகள், கோட்டின் முனையில் அம்புகள்.

மதியம் கண் அசந்தபோது அதற்குள்ளேயே நடந்தேன். ஒவ்வொரு கட்டத்திலும் கணுக்கால் வரை வெதுவெதுப்பான கடல். ஒரு மாதத்திலிருந்து அடுத்த மாதத்துக்குக் கால் வைத்தால் நீர் கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும். யாரும் இல்லை. விழித்த பிறகும் கால் ஈரமாக இருப்பதுபோல இருந்தது.

மார்ச் 23

படம் அழகாக இருக்கிறது. நானே எழுதிவைத்துக்கொள்கிறேன். வேறு யார் சொல்லப்போகிறார்கள்?

ஏப்ரல் 5

திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் குரலில் ஒருமுறை கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் பக்கத்தை அனுப்ப வேண்டும் என்று விதி. ஓடவிட்டேன். காதில் மாட்டும் ஒயர் சரியாகச் செருகவில்லை போல. வீடு முழுக்கக் கேட்டது.

"இடது சதுர அடைப்பு. இடது சதுர அடைப்பு. ஒன்று புள்ளி இரண்டு. கோடு. கோடு. கோடு. கோடு. அம்புக்குறி."

பதறி நிறுத்தினேன். சன்னலோரம் ஒரு சத்தம். அழுகிறான் என்று நினைத்தேன். இல்லை. சிரிக்கிறான்.

"என்னடி எழவு இது?"

"நான் போட்ட படம்."

"படமா? எவனோ சுவத்துல செங்கல் எண்ணிக்கிட்டே போறான். வீடு எங்க இருக்குன்னு சொல்லவே மாட்டேங்கிறான்."

எனக்குச் சுருக்கென்றது. எத்தனை நாள் உட்கார்ந்து போட்ட படம். "ஒண்ணும் உனக்காகப் போடல" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று தெரிந்தது. தகரக்கூரையில் மழை. வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்ல நான்?

அவன் சன்னலிலிருந்து என் பக்கம் திரும்பினான்.

"இன்னொரு தடவை ஓடவிடு."

ஏப்ரல் 6, ஞாயிறு

தாலோக் கிழங்கு ஆறிக்கொண்டிருந்தது. அவன் சாப்பிட வரவில்லை.

"மூணு துறைமுகம், பன்னெண்டு மாசம். முதல் அச்சுல சராசரி எடுன்னு சொல்றோம். எது போவுது?"

"துறைமுகம். மாசத்துக்கு ஒரு எண் மிஞ்சும்."

"அப்ப அதைச் சொல்லேன். எந்த அச்சைப் பேர் சொல்லிக் கூப்புடுறியோ அதுதான் காணாமப் போவும். மத்தது அப்படியே நிக்கும். அவ்ளோதானே? அதை விட்டுட்டுச் செங்கல் எண்ணுற."

இத்தனை வருடம் இதைச் செய்திருக்கிறேன். கைக்குத் தெரியும். வாயால் ஒருநாளும் சொன்னதில்லை.

ஏப்ரல் 17

முதலில் அவன் சொன்ன மூன்று வரி, கீழே என் படம். குரல் படத்தைத் தாண்டிப்போக ஒரு வழி. இப்படி அனுப்பியிருந்தேன். பக்கங்களைச் சரிபார்க்கும் மராயா வெலிங்டனிலிருந்து பதில் போட்டிருந்தாள். படம் நன்றாக இருக்கிறதாம். 'காணாமல் போகும்' என்பதெல்லாம் கதைபோல இருக்கிறது, எடுத்துவிடலாமாம். வாசித்துக் காட்டினேன்.

"கதையா? யாருக்குக் கதை?" எழுந்து நடந்தான், மேசையில் இடித்துக்கொண்டான். "நான் சொல்றேன், எழுது."

"எனக்குக் கை வலிக்குது. நீயே எழுது."

கை வலிக்கவில்லை.

நின்றுகொண்டே இருந்தான். பிறகு உட்கார்ந்தான். விசைப்பலகையில் விரல் வைக்கும் இடத்துக்கு இரண்டு சின்ன மேடுகள் உண்டே, அவற்றைத் தடவித் தேடினான். நான் அடுக்களைக்குப் போய்க் கழுவிய தட்டுகளையே மறுபடி கழுவினேன்.

பிழைகளோடு இப்படி எழுதியிருந்தான்: "நான் கடல்மட்டக் கணக்குப் பார்ப்பவன். எனக்குப் பார்வை இல்லை. அந்தப் படம் எனக்கு வெறும் சத்தம். நீங்கள் எடுக்கச் சொன்ன மூன்று வரிதான் எனக்குப் பக்கம்."

பிழைகளை நான் தொடவில்லை. பார்வை இல்லை என்று அவன் யாரிடமாவது சொன்னது இதுதான் முதல்முறை. அதுவும் 'பார்ப்பவன்' என்று எழுதியிருக்கிறான். பார்த்தவன் என்று எழுதவில்லை.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

பதில் வந்ததா, வந்ததா என்று நச்சரிப்பு. "பண்டிகை நாள்ல எவ வேலை பாப்பா?" என்றேன்.

ஏப்ரல் 23

வந்துவிட்டது. "என் தவறு. அந்த வரிகள் அப்படியே இருக்கட்டும்." கூடவே, இதுபோலப் படம் உள்ள மற்றப் பக்கங்களையும் கேட்டுச் சொல்வீர்களா என்று அவனுக்குத் தனியாக ஒரு கேள்வி.

"சம்பளம் இல்லல்ல?"

"இல்ல."

"கஞ்சப் பசங்க." காதில் ஒயரை மாட்டிக்கொண்டான். "அடுத்தது எது?"

மே 11

மதியம் பாயில் படுத்திருந்தோம். குரல் தாழ்வாக ஓடிக்கொண்டிருந்தது. அணியை மடிப்பது, திருப்பிப்போடுவது, ஒன்றோடொன்று ஒட்டுவது. தூக்கமா விழிப்பா என்று சொல்ல முடியாத நேரம்.

"கனவுல எனக்குக் கண்ணு தெரியும். உனக்குத் தெரியுமா அது?"

தெரியாது. நான் கேட்டதே இல்லை.

"என்ன பாப்ப?"

"கடல்னு சொல்லணும்னுதான் ஆசை. ஆனா முக்காவாசி நம்ம அடுக்களைதான். அப்படியே கலைச்சுப் போட்டு வச்சிருக்க."

சிரித்தோம். பிறகு அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கையை மட்டும் என் கைமேல் விட்டிருந்தான். அப்படியே தூங்கிப்போனேன். எழுந்தபோது மழை நின்றிருந்தது. பேசிக்கொண்டிருப்பது இயந்திரமா அவனா என்று கொஞ்ச நேரம் புரியவில்லை. அவன்தான். தானே எழுதிய வரியைத் தானே சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மே 28

சண்டை. எல்லாப் படத்தையும் தூக்கச் சொல்கிறான். "கண்ணு இருக்கிறவங்களும் மனுசங்கதான், ஆபிசாய்." முனகிக்கொண்டே விட்டுக்கொடுத்தான்.

ஜூன் 15, ஞாயிறு

தோமாசி படியேறும்போதே உள்ளிருந்து குரல்: "மச்சான், அங்கேயே நில்லு. முதல்ல குளிச்சிட்டு வா. கண்ணு போச்சுன்னா மூக்குமா போயிடும்?"

தோமாசி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான். சிரிப்பா என்னவென்று நான் உற்றுப் பார்க்கவில்லை.

ஜூன் 27

ஆபிசாய் வேலைக்குத் திரும்புவானா என்று அலுவலகத்தில் கேட்டார்கள். "அவனையே கேளுங்க" என்றேன்.

ஜூலை 7, திங்கள்

"நீ முன்னாடி போ. நான் அடுத்த பஸ்ல வரேன்" என்றான் காலையில்.

போனேன். லெவுகாவின் ஒரே எண்ணைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். வெளியே தரையைத் தட்டிவரும் வெள்ளைப் பிரம்பின் சத்தம். பக்கத்து அறை வாசலில் நின்றது. உதவிக்கு யாரோ நாற்காலியை நகர்த்தி எழுந்தார்கள். "வேணாம், வேணாம்" என்று அவன் குரல். மறுபடி பிரம்பு. எங்கள் அறைக் கதவு திறந்தது.

எதிரே உட்கார்ந்தான். இப்படியும் அப்படியும் அசைந்து பார்த்தான்.

"யாருடி என் நாற்காலிய உயர ஏத்தி வச்சது?"

"தெரியலையே" என்றேன்.

அவனே இறக்கிக்கொண்டான். வேலையை ஆரம்பித்தோம்.